கலங்கிய நீரும் தேற்றாங்கொட்டையும்: யோகநெறியும் விபுலாநந்த அடிகளும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் இடையே உள்ளது தேற்றாத்தீவு. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை ஊர்களுள் ஒன்று. தேற்றாமரங்கள் மிக்கிருந்தமையால் ஊர் இப்பெயர் பெற்றது என்பது அப்பகுதி மக்கள் கூறும் விளக்கம். தேற்றாவின் விதையை மட்பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரை வார்த்து வைத்தால், விதையிலிருந்து கரையும் பொருள் நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்களைத் திரட்டி அடியிற் படியச் செய்யும். மேலே தெளிநீர் நிற்கும். குழாய்நீர் வருவதற்கு முந்திய தலைமுறைகளுக்கு இது அன்றாட அறிவு.

இவ்வெளிய விதை இந்தியத் தத்துவ இலக்கியத்தில் நெடுங்காலமாகப் பயின்று வந்துள்ளது. சங்கரர் பெயரால் வழங்கும் ஆத்மபோதம் இதனை உவமையாகக் கொள்கிறது. அறியாமையாற் கலங்கிய சீவனை இடையறாத ஞானப் பயிற்சி தெளிவிக்கிறது. நீரைத் தெளிவித்த பொடி தானும் அடங்கிவிடுவது போல, அந்த ஞானமும் இறுதியில் அடங்கிவிடுகிறது என்பது அங்கு கூறப்படும் கருத்து. மனு தருமசாத்திரமும் இதே விதையை எடுத்தாளுகிறது. தேற்றாவின் பெயரைச் சொல்லுவதால் மட்டும் நீர் தெளிந்துவிடாது என்பது அங்குள்ள நுட்பம். தமிழிலோ இவ்வுவமைக்கு வேறொரு பழைமை உண்டு. கலித்தொகையின் 142ஆம் பாடல், பிரிவாற்றாது மனம் பேதலித்து ஊரறிய அரற்றும் ஒருத்தியைக் காட்டி, காதலன் வந்து சேர்ந்ததும் அவள் தெளிவுற்றதற்கு இவ்விதையால் தெளிந்த நீரை உவமையாக்குகிறது. மரத்தின் பழம்பெயர் அங்கு 'இல்லம்'.

ஒரே விதை, மூன்று தெளிவுகள். முதலாவதில் தெளிவு தனித்தொரு மனத்தினுள்ளேயே தொடங்கி அதனுள்ளேயே முடிவது. இரண்டாவதில் அது செயலை வேண்டுவது. மூன்றாவதில் இன்னொரு மனிதர் இன்றி அது நிகழ்வதே இல்லை. நெய்தற்கலியின் பெண் கண்ணை மூடி அமர்ந்து தெளிவு பெற்றவள் அல்லள். வரவேண்டியவன் வந்தமையால் தெளிவு பெற்றவள். அகவிடுதலைக்கும் தன்னறிவுக்கும் உரிய வழியாக யோகம் போற்றப்படுவதைத் தமிழ்ச் சூழலில் ஆராயப் புகும்போது, இம்மூன்று தெளிவுகளையும் வேறு பிரித்து நோக்குவது அவசியம் எனக் கருதுகிறோம். இவற்றைக் குழப்பியமையாலேயே, இப்பிரதேசம் ஈன்ற பெருமகனாகிய விபுலாநந்த அடிகளை நாம் இன்னும் செம்மையாக மதிப்பிடவில்லை.

அடிகளாரைப் பற்றி எழுதப்பட்டவற்றை இரு வகைப்படுத்தலாம். பக்தர்கள் எழுதியவற்றில் அவர் துறவி, யோகி, மகான். பள்ளிக்கூடங்களும் ஆராய்ச்சியும் அந்த ஆன்மிக நிறைவிலிருந்து வழிந்த துளிகள். முற்போக்கு நோக்குடையோர் எழுதியவற்றிலோ அவர் கல்வியாளர், சமூகத் தொண்டர், தமிழறிஞர்; காவியுடை தற்செயலானது, கண்ணை மறைத்துக்கொண்டு கடந்து செல்ல வேண்டியது. பிந்தியதே எமது மரபு. அது வசதியானது. ஆனால் ஒரு மனிதர் முப்பதாம் வயதிலே கல்லூரி அதிபர் பதவியைத் துறந்து மடம் புகுந்து, யோக நூல்களைத் தமிழாக்குவதிற் காலத்தைச் செலவிட்டிருக்கும்போது, அந்நூல்களை வாசியாமலே அவரை எம்மவராக்கிக்கொள்வது ஆய்வு நேர்மை ஆகாது. மதம் மனிதத் துயரின் வெளிப்பாடு மட்டுமன்று, அத்துயருக்கு எதிரான முறையீடும் ஆகும் என மார்க்ஸ் 1844இல் எழுதியதன் முற்பாதியை விட்டுப் பிற்பாதியை எடுப்பதும், பிற்பாதியை விட்டு முற்பாதியை எடுப்பதும் ஒரே வகைத் தவறுகளே.

யோகம் என்ற சொல் இன்று எதையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் அதற்கு வரையறுத்த பொருள் உண்டு: சித்தத்தின் அலைவுகளை ஒடுக்குதல். நான்கு பாதங்களைக் கொண்ட அந்நூலின் இறுதிப் பாதத்தின் பெயர் கைவல்யம். அச்சொல்லின் நேர்ப்பொருள் தனிமை. சாங்கியத்தின் உலகநோக்கை ஏற்றுக்கொண்ட பதஞ்சலிக்கு விடுதலை என்பது புருடன் பிரகிருதியிலிருந்து பிரிந்து தனித்து நிற்றல். பிரபஞ்சத்தோடு ஒன்றாதல் அன்று, மனிதரோடு ஒன்றாதல் அறவே அன்று. ஆசனத்தைப் பற்றி அந்நூல் சொல்வது மிகச் சில சூத்திரங்களே. உறுதியாகவும் இதமாகவும் அமர்க என்பதற்கு மேல் அங்கு அதிகம் இல்லை. இன்று உலகெங்கும் யோகம் எனப்படும் உடற்பயிற்சி முறையின் பெரும்பகுதி, பிற்கால அடயோக மரபும் இருபதாம் நூற்றாண்டின் தேகாப்பியாச இயக்கங்களும் கலந்து பிறந்த ஒன்று. தமிழில் திருமூலர் மூன்றாந் தந்திரத்தில் எண்வகை உறுப்புகளைக் கூறும்போது, உடலைப் பேணுதலுக்குத் தரும் மதிப்புப் பதஞ்சலியிடம் இல்லாதது. இவ்வேறுபாடு கவனத்துக்குரியது. தேவிபிரசாத் சட்டோபாத்தியாயர் 'லோகாயதம்' என்ற நூலில் (1959) தாந்திரிக மரபின் உடல்சார் சாதனைகளுக்கும் தொல்லுழவரின் வளச்சடங்குகளுக்கும் உள்ள உறவை விரித்துரைத்தார். அவருடைய முடிவுகள் யாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் யோகம் ஒரே ஊற்றிலிருந்து பிறந்ததன்று, அதனுள்ளே உலகை மறுப்பதும் உடலை ஏற்பதுமான முரண்பட்ட இழைகள் உண்டு என்ற அடிப்படை உண்மை அதனால் நிலைநாட்டப்பட்டது.

காலனித்துவ இந்தியாவிலே இத்தனிமை நெறி ஒரு விசித்திரமான மாற்றத்துக்கு உள்ளாயிற்று. விவேகானந்தரின் ராஜயோகம், கர்மயோகம் ஆகிய இரு நூல்களும் 1896இல் வெளிவந்தன. இரண்டும் அமெரிக்காவில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவானவை. இவற்றிலே பதஞ்சலி வேதாந்தியாகிறார். கைவல்யம் சகல உயிர்களோடும் ஒன்றாதல் எனப் பொருள் மாறுகிறது. மனத்தை ஒடுக்குதல் விஞ்ஞானப் பரிசோதனையின் சாயலைப் பெறுகிறது. மேற்றிசையின் இயந்திர நாகரிகத்துக்கு முன்னே தலைகுனிந்து நிற்க மறுத்த ஓர் அடிமை நாட்டின் புத்திசீவி வர்க்கம், தனக்கென உரிமை கொண்டாடக்கூடிய ஒரு விஞ்ஞானத்தை அகத்திலே கண்டது. வெளியே அரசியல் சுதந்திரம் இல்லாதவர்க்கு உள்ளே ஒரு சுதந்திரம். இதனை ஏமாற்று என ஒதுக்குவது எளிது. தன்மதிப்பை இழந்த ஒரு சமூகம் எழுந்து நிற்பதற்கு இத்தகைய ஊன்றுகோல் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அக்கால வரலாற்றுப் பகைப்புலத்தில் வைத்தே உணர முடியும்.

1897 சனவரியில் விவேகானந்தர் கொழும்பில் இறங்கி, கண்டி, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்றார். அதே ஆண்டில் அவர் வேண்டுகோளின்படி இலங்கைக்கு வந்த அவருடைய சகதுறவி சுவாமி சிவானந்தர், கொழும்பிலே கீதையையும் ராஜயோகத்தையும் வகுப்பு நடத்திக் கற்பித்தார். இருபத்தேழு ஆண்டுகளின் பின், 1924இல், சென்னையிலே காரைதீவு மயில்வாகனத்துக்குத் துறவு அளித்து விபுலாநந்தர் எனப் பெயர் சூட்டியவரும் இந்தச் சிவானந்தரே. கல்லடி உப்போடையில் 1929இல் எழுந்த சிவானந்த வித்தியாலயம் அவர் பெயரையே தாங்கியது. இருடிகேசத்துச் சிவானந்தரோடு இவரை மயக்குவோர் இன்றும் உளர். அவர் பத்தமடையிற் பிறந்து, மலாயாவில் மருத்துவராயிருந்தவர். அவருடைய சீடர் சச்சிதானந்தர் 1950களில் இலங்கையிலே பணியாற்றி, பின் அமெரிக்கா சென்று, 1969இல் வூட்ஸ்டொக் இசைவிழாவைத் தொடக்கிவைத்து உரையாற்றினார். அது யோகத்தின் வேறொரு பயணம். கல்லடிக்கு வந்த பாதை அதுவன்று.

விபுலாநந்தர் 1892இல் காரைதீவிற் பிறந்தார்; கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பில் அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் இரசாயன ஆசிரியர். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். அந்நாளைய இலங்கைத் தமிழ் மத்தியதர வர்க்கத்தான் ஒருவன் அடையக்கூடிய அனைத்தையும் அவர் முப்பது வயதுக்குள் அடைந்திருந்தார். 1922இல் அதை உதறிவிட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் பிரமசாரியானார். விவேகானந்தரின் கர்மயோகம், ஞானயோகம் முதலியவற்றைத் தமிழாக்கினார். பதஞ்சலியின் சூத்திரங்களையும் தமிழிலே தந்தார்.

இம்மொழிபெயர்ப்புகளை மதநூல்கள் என்று மட்டும் நோக்கினால் அவற்றின் ஒரு பெறுமதி புலப்படாது. யோக சாத்திரம் வடமொழியிலே கட்டுண்டிருந்த அறிவு. குருவின் வாய்வழியாக, தகுதி உடையோன் எனக் கருதப்பட்டவனுக்கு மட்டும் கிடைத்தது. விவேகானந்தர் அதனை ஆங்கிலத்திற்குக் கொணர்ந்தார். ஆங்கிலமும் மட்டக்களப்பு வாவிக்கரையிலே ஒரு சிறு வட்டத்தாரின் மொழியே. எழுத்தறிந்த எவனும் வாங்கிப் படிக்கக்கூடிய அச்சுப் புத்தகமாகத் தமிழிலே அது வந்தபோது, தீட்சையின் வாயிற்கதவு ஓரளவேனும் திறந்தது. இதே மனிதர்தாம் 1936இல் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, இரசாயனத்துக்கும் தமிழ்ச் சொல் தேடியவர் என்பது மனங்கொளத்தக்கது. சமாதியையும் அமிலத்தையும் ஒருங்கே தமிழ்ப்படுத்த முனைந்த அந்த மனத்துக்கு அவ்விரண்டும் பகைப்புலங்களாகத் தோன்றவில்லை. எமக்குத் தோன்றுகின்றன. வேறுபாடு எங்கே என்பதே ஆராயப்பட வேண்டியது.

அடிகளாரின் கவிதைகளுள் மிகவும் அறியப்பட்ட 'ஈசனுவக்கும் மலர்' இவ்விடத்தில் எமக்குத் துணைபுரியும். கல்லடியில் அவர் சமாதியிலே பொறிக்கப்பட்டிருப்பதும் அதுவே. இறைவனுக்கு உகந்த மலர் எது என்ற கேள்வியை எழுப்பி, வழிபாட்டுக்குரிய வண்ண மலர்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவை எவையும் அல்ல எனத் தள்ளி, உள்ளம் என்னும் தாமரையையும், கூப்பிய கை என்னும் காந்தளையும், நோக்கும் விழி என்னும் நெய்தலையும் அவற்றின் இடத்தில் வைப்பது அப்பாடல். பூந்தோட்டம் உடையவனும் இல்லாதவனும் அங்கே சமமாகின்றனர். கோயிலினுள்ளே செல்ல அனுமதிக்கப்படாதவனிடமும் ஓர் உள்ளமும் இரு கைகளும் இரு கண்களும் உண்டு. சாதியும் சடங்கும் இறுகியிருந்த ஒரு சமூகத்திலே இது வெறும் அலங்காரக் கற்பனை அன்று. வழிபாட்டின் உரிமையை உடைமையிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு செயல். பக்தி இயக்கக் காலந்தொட்டு வரும் ஒரு மரபை அடிகளார் தம் காலத்துக்கு ஏற்பப் புதுக்கினார் எனலாம்.

ஆனால் பாடலிலே கை கூப்பிய கையாகவே இருக்கிறது. அது எதையும் செய்வதில்லை. மண்வெட்டியைப் பிடித்த கையோ, வலையை இழுத்த கையோ, எழுதுகோலைப் பிடித்த கையோ அங்கு இல்லை. உட்திரும்பிய நெறியின் எல்லை இப்படிமத்திலேயே தெரிகிறது: உடைமையின் தடையைக் கடந்த அதே வேகத்தில் உழைப்பையும் அது கடந்துவிடுகிறது. வியப்புக்குரியது யாதெனில், இதனை எழுதியவரின் கைகள் ஒருபோதும் கூப்பியே இருந்தவை அல்ல என்பதுதான். கிறித்தவ மிசன்களின் கையிலே பெரும்பாலும் தங்கியிருந்த ஆங்கிலக் கல்வியை ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் எட்டச் செய்யும் பொருட்டு ஊரூராகப் பணம் திரட்டிப் பாடசாலை கட்டியவர் அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோது, மாலை வேளைகளில் திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே தொடங்கிய வினாக்களைத் தொடர்ந்து, நரம்பின் நீளத்தையும் சுருதியின் எண்கணக்கையும் ஆண்டுக்கணக்கிலே அளந்து, 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூலை அரங்கேற்றியவர். அடுத்த மாதமே மறைந்தவர். யாழ்நூலின் ஆராய்ச்சி முறை அகநோக்கு அன்று. அது அளத்தல், கணித்தல், செய்துபார்த்தல்.

ஆகவே அடிகளாரின் வாழ்வு அவருடைய கொள்கையை மீறிச் சென்றது என்பது எமது துணிபு. அவர் மொழிபெயர்த்த நூல்கள் முதலாவது தெளிவைப் பேசுகின்றன. அவருடைய நாட்கள் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கழிந்தன. இவ்விரண்டுக்கும் பாலமாக நின்றது கர்மயோகம். பலனிற் பற்றின்றிச் செயல் புரிக என்ற நெறி, படித்த இளைஞன் ஒருவனை அரச உத்தியோகத்தின் ஆசையிலிருந்து விடுவித்துக் குறைந்த ஊதியத்தில் கிராமப் பாடசாலையிலே நிறுத்த வல்லது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே இலங்கையிலும் இந்தியாவிலும் எத்தனையோ ஆசிரியர்களை உருவாக்கிய உந்துசக்தி அது. பொருளாசையை மட்டுமே மனிதச் செயலின் காரணமாகக் காணும் முதலாளித்துவ மனப்பான்மைக்கு அது ஒரு மறுப்பு என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

எனினும் அதே வாக்கியத்தை வேறொருவனிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். தேற்றாத்தீவு முதலான எழுவான்கரை ஊர்களுக்கு வயல் நிலம் பெரும்பாலும் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலே உள்ளது. போடியார் நிலவுடைமையாளர், முல்லைக்காரன் அவர் சார்பில் வயலை நடத்துபவன், அவனுக்குக் கீழே விதைத்து, காவலிருந்து, அறுத்து, சூடு மிதித்துக் கொடுப்பவர்கள் கூலியாட்கள். களத்திலே நெல் அளக்கப்படும்போது விதைநெல்லும் கடனும் கழிந்தபின் இவர்களுக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதைக் கிழக்கிலங்கை எழுத்தாளர்கள் பலர் கதைகளாக்கியுள்ளனர். செயலின் பலனிலிருந்து இம்மனிதனை ஏற்கெனவே பிரித்தாயிற்று. பலனிற் பற்று வையாதே என்று அவனுக்கு உபதேசிப்பதில் என்ன பொருள்? ஆசிரியனுக்குத் துறவாக அமைவது இவனுக்கு நடைமுறை நியாயப்படுத்தலாக அமைகிறது. ஒன்றைத் துறப்பதற்கு முதலில் அது கைவசம் இருக்க வேண்டும். கோசாம்பி 1962இல் வெளிவந்த 'தொன்மமும் உண்மையும்' என்ற நூலில் கீதையைப் பற்றிக் காட்டியதும் ஏறத்தாழ இதுவே: ஒன்றோடொன்று பொருந்தாதவற்றை ஒருங்கே ஏற்கும் அந்நூலின் நெகிழ்ச்சியே, முரண்பட்ட நலன்கள் உடையோர் யாவரும் அதிலே தத்தமக்கு வேண்டியதைக் கண்டெடுக்க இடந்தந்தது. அடிகளார் இதனை அறியாதவர் என நாம் கூற வரவில்லை. அவர் உபதேசத்தோடு நிற்காமல் பாடசாலை கட்டியதே, உபதேசம் போதாது என்பதை அவர் செயல்வழியிலே ஒப்புக்கொண்டதற்குச் சான்று.

இன்னொன்றையும் இங்கு கூறவேண்டும். வாவிக்கரைக் கிராமங்களின் பெருந்தொகையான மக்களுக்கு ஆன்மிக அனுபவம் என்பது யோகம் அன்று. வைகாசியிலே கண்ணகி அம்மன் கோயில்களிலே நடைபெறும் சடங்கும் குளிர்த்தியும், பறையொலியும், உருக்கொண்டு ஆடுதலும், வாக்குச் சொல்லுதலுமே அவர்கள் அறிந்தவை. யோகி தன் மனத்தைத் தன் ஆட்சிக்குள் கொணர்கிறான். தெய்வம் ஆடுபவரோ ஊரார் நடுவிலே தன்னை இழக்கிறார். ஒன்று தனிமையின் உத்தி, மற்றது கூட்டத்தின் உத்தி. காரைதீவு மண்ணிலேயே விபுலாநந்தர் பிறந்த வீடும், சித்தானைக்குட்டி சுவாமிகளின் சமாதியும், கண்ணகி அம்மன் கோயிலும் அருகருகே உள்ளமை மூன்று மரபுகளும் ஒன்றையொன்று விலக்காது வாழ்ந்ததைக் காட்டுகிறது. படித்தோர் முதலாவதை நூலாக்கினர். இரண்டாவதை அற்புதக் கதைகளாக்கினர். மூன்றாவதை அண்மைக்காலம்வரை நாட்டார் வழக்கு என ஒதுக்கினர். தன்னறிவு என்பது தனியறையிலே மட்டும் கிடைப்பது என்ற கொள்கைக்கு இம்மூன்றாவது மரபு ஒரு வாழும் மறுப்பு. சமூக மானிடவியலார் இதுபற்றி எழுதியிருக்கின்றனர். இலக்கியத் திறனாய்வாளர் போதியளவு எழுதவில்லை.

யோகநெறியின் பெயரால் மார்க்சியத்தை நேர்நின்று எதிர்த்த ஒருவர் எமது விமர்சன வரலாற்றில் உண்டு. புங்குடுதீவு மு. தளையசிங்கம் கைலாசபதியையும் அவர் சார்ந்த முற்போக்கு அணியையும் கடுமையாக விமர்சித்து, அகமாற்றம் இன்றிச் சமூகமாற்றம் நிலைக்காது என வாதாடினார். பொருள்முதல்வாதத்தையும் கருத்துமுதல்வாதத்தையும் கடந்த ஒரு பேரியதார்த்தத்தைத் தேடினார். அவருக்கு எமது அணியிலிருந்து எழுந்த விடைகளுள் எம். ஏ. நுஃமானின் விமர்சனமே தத்துவ ரீதியில் நிதானமானது. தளையசிங்கத்தின் தத்துவம் தன்னுள்ளே குழம்பியது என்பதில் எமக்கும் ஐயமில்லை. பரிணாமத்தையும் சத்தியலோகத்தையும் ஒரே நூலிற் கோக்க முயன்று இரண்டையும் இழந்தார். ஆனால் 1971இல் புங்குடுதீவிலே ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தபோது அவர் முன்னின்றார். பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார். 1973இல், நாற்பது வயதை எட்டாமலே மறைந்தார். கிணற்றைச் சுற்றி நின்று மறித்தவர்களிலும் வேதாந்தம் பேசத் தெரிந்தவர்கள் இருந்திருப்பர். ஆகவே, யோகம் முற்போக்கானதா பிற்போக்கானதா என்ற வினாவைக் கொள்கையளவிலே மட்டும் எழுப்பினால் விடை கிடைக்காது. தெளிந்த நீரைப் பற்றிப் பேசுவோர் யாவரும் கிணற்றைத் திறந்துவிடுவதில்லை என்பதே அங்கு தெரிந்தது.

இவ்விவாதம் பழங்கதை அன்று. ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி 2015 முதல் சூன் 21 சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. அரசுகள் அதனை விரும்புகின்றன. செலவு குறைவு, எவரையும் எவருக்கும் எதிராக நிறுத்தாதது, மன உளைச்சலின் காரணத்தை உளைச்சல் உற்றவரின் மூச்சிலே தேடுவது. யுத்தமும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையும் மாறி மாறிச் சிதைத்த இக்கரையிலே, அமைதி கற்பிக்கும் வகுப்புகள் இன்று வெறும் பொழுதுபோக்கல்ல. அவை ஒரு தேவையை நிறைவுசெய்கின்றன. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தத்தாற் பாதிக்கப்பட்டோருக்கு மூச்சுப்பயிற்சியையும் செபத்தையும் சாந்தி ஆசனத்தையும் அவரவர் சமய மரபுக்கு இயையப் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். நித்திரையின்றித் தவிக்கும் ஒருவருக்கு ஓர் இரவின் உறக்கம் கிடைப்பதைத் தத்துவத்தின் பெயரால் ஏளனம் செய்வது மனிதாபிமானமுமன்று, மார்க்சியமுமன்று. ஆனால் அவரே, உளக்காயம் தனிமனிதனுக்குள் அடங்குவதன்று, சமூகம் முழுவதன் காயமாக அதனை நோக்க வேண்டும் எனவும் எழுதினார். பின்னைய கருத்தை விட்டு முன்னையதை மட்டும் எடுத்துக்கொள்வதே வழக்கமாகி வருகிறது.

இங்கு பதஞ்சலியின் நூலையே திரும்பிப் பார்ப்பது பயனுடையது. ஒடுக்கப்பட வேண்டிய சித்த அலைவுகள் ஐந்து என அவர் வகுக்கிறார். பிழையான அறிவும், வெறுஞ்சொல்லால் எழும் கற்பனையும், நித்திரையும் அவற்றுள் அடங்கும். ஆனால் சரியான அறிவாகிய பிரமாணமும் நினைவாகிய ஸ்மிருதியும் அதே பட்டியலில் உள்ளன. கைவல்யத்தை நாடுபவனுக்கு உண்மையும் ஓர் அலை, நினைவும் ஓர் அலை. தத்துவம் என்ற அளவில் இது முரணற்றது, துணிச்சலானதுங்கூட. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாயிடம் மனத்தை அமைதிப்படுத்து என்று சொல்லும்போது நாம் ஒடுக்கச் சொல்வது எந்த அலையை? அவளிடம் எஞ்சியிருப்பது நினைவு ஒன்றே. நீதிமன்றம் முன்னும் ஆணைக்குழு முன்னும் அவள் வைக்கக்கூடிய சாட்சியமும் அதுவே. அவள் கலக்கம் நோயன்று. அறிவின் ஒரு வடிவம். தேற்றாங்கொட்டை மண்ணை இல்லாமல் ஆக்குவதில்லை, அடியிலே படியவைக்கிறது என்பதை நீர்ப்பானை கழுவியவர் அறிவர்.

பதஞ்சலியின் எட்டு உறுப்புகளிலே ஆசனம் மூன்றாவது. முதலாவது இயமம், கொல்லாமையும் வாய்மையும் களவின்மையும் அதிலே அடங்குவன. மற்றவரோடு கொள்ளும் உறவைப் பற்றியவை இவை. யோக சாத்திரத்தின் வாயிலிலே நிற்பவை. அரச அனுசரணையுடன் நடைபெறும் யோக விழாக்கள் யாவும் மூன்றாவதிலிருந்து தொடங்குகின்றன. யோகத்தை நம்புவோரே இது குறித்துக் கேள்வி எழுப்பலாம். அதற்கு மார்க்சியம் தேவையில்லை.

1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தபோது, இராணுவத்தினர் 158 பேரைப் பிடித்துச் சென்றனர். அவர்கள் திரும்பவில்லை. அவர்களின் பெயர்கள் பட்டியலாக எழுதிவைக்கப்பட்டன. பின்வந்த விசாரணைகளுக்கு அப்பட்டியலே ஆதாரமாயிற்று. பதஞ்சலியின் சொல்லில் கூறுவதாயின் அது பிரமாணமும் ஸ்மிருதியும் ஒரே தாளில் அமைந்தது. உறவினர் ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூர்கின்றனர். விபுலாநந்தரின் பெயரால் அழகியற் கற்கைகளுக்கு ஒரு நிறுவகத்தைக் கல்லடியிலே கொண்டிருப்பதும் இதே பல்கலைக்கழகமே.